பாதிப் பேர் தோற்கும் பாடம்

1982ஆம் ஆண்டு, கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸ். கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்திலான கால்குலஸ் தேர்வை எழுதி, 18 பேருமே தேறிவிட்டார்கள். ஏறத்தாழ எல்லோரும் மெக்ஸிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகள். தேர்வை நடத்திய அமைப்பால் அதை நம்ப முடியவில்லை. விடைகள் ஒன்றுபோல் இருப்பதாகச் சொல்லி 14 பேரின் மதிப்பெண்ணைச் சந்தேகித்தது. அவர்களில் 12 பேர் அந்தக் கோடையிலேயே வேறு வினாத்தாளை வாங்கி எழுதினார்கள். 12 பேரும் மறுபடி தேறினார்கள்.

அவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலாந்தே. இந்தக் கதை 1988இல் ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்ற படமாக வந்தது. மனதை உருக்கும் படம்தான். ஆனால் மனசு வைத்த ஒரு வாத்தியார் வந்து நின்றால் ஓரிரு ஆண்டில் எல்லாம் மாறிவிடும் என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிட்டது. நடந்தது வேறு. எஸ்கலாந்தே அந்தப் பள்ளிக்கு வந்தது 1974இல். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் தொடங்கிய முதல் கால்குலஸ் வகுப்பில் கடைசிவரை நின்றவர்கள் 5 பேர். தேறியவர்கள் 2 பேர். அதன்பின் அவர் கீழ் வகுப்புகளுக்கு இறங்கினார். அல்ஜீப்ராவிலிருந்து கால்குலஸ் வரைக்கும் எந்தெந்தப் படி உடைந்திருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார். கோடை விடுமுறையில் கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸ் கல்லூரியில் வகுப்புகள் நடத்தினார். 1987இல் எழுபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேறினார்கள். 1991இல் அவர் அந்தப் பள்ளியை விட்டுப் போனார். சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை சரிந்துவிட்டது.

ஒரு மனிதரோடு வந்து அவரோடே போய்விடும் வெற்றியைக் கொண்டாடலாம். அதை நம்பிப் பல லட்சம் மாணவர்களின் எதிர்காலத்தை ஒப்படைக்க முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஹிஸ்பானிக் மாணவர்கள் ஏன் பட்டம் முடிக்காமல் போகிறார்கள் என்று கேட்டு, அதற்கான விடையை அந்த மாணவர்களிடமே தேடுவது அங்கே பல பத்தாண்டு வழக்கம். விடையின் பெரும்பகுதி முதலாண்டுப் பாடங்களுக்குள் இருக்கிறது என்பதற்கு இப்போது வலுவான சான்றுகள் வந்துவிட்டன. அவற்றைத் தெரிந்துகொண்ட பிறகும் பழைய பாடத்தையே பழைய முறையில் நடத்திக்கொண்டிருப்பது அநீதி என்றே சொல்வேன்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 6 கோடியே 21 லட்சம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மெக்ஸிகோ, புவெர்த்தோ ரிக்கோ, கியூபா, மத்திய அமெரிக்க நாடுகள் என்று வேர்கள் பல. பெரும்பாலோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள். 2010இல் நான்காண்டுப் பட்டப்படிப்பில் முழுநேர மாணவர்களாகச் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டால், ஆறு ஆண்டுகளுக்குள் சேர்ந்த இடத்திலேயே பட்டம் வாங்கியவர்கள் ஆசிய வம்சாவளியினரில் 74 சதவீதம், வெள்ளையரில் 64, ஹிஸ்பானிக் மாணவர்களில் 54. நான்காண்டுப் படிப்புக்கு ஆறு ஆண்டு கெடு கொடுத்துப் பார்த்த கணக்கு இது. அப்படியும் பாதியை ஒட்டித்தான் நிற்கிறது.

காரணம் கேட்டால் வறுமை, பள்ளிக்கூடத்தின் தரம், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது, வீட்டில் மாணவரே முதல் பட்டதாரியாக இருப்பது என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால், இவற்றில் எதுவும் வகுப்பறையில் நிற்கும் பேராசிரியரின் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது அவருடைய பாடம் ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அமெரிக்கக் கல்லூரி நிர்வாகங்களில் ‘டி.எஃப்.டபிள்யூ.’ என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு பாடத்தில் டி அல்லது எஃப் வாங்கியவர்கள், பாதியில் விலகியவர்கள் ஆகியோரின் கூட்டுச் சதவீதம். முதலாண்டு அல்ஜீப்ரா, கால்குலஸ், வேதியியல் பாடங்களில் இது மூன்றில் ஒரு பங்காக, சில இடங்களில் பாதியாகக்கூட இருந்திருக்கிறது. நம் ஊர் மாணவர்கள் ‘அரியர்’ வைத்துவிட்டு அடுத்த செமஸ்டரில் தேர்வை மட்டும் எழுதுவார்களே, அந்த வசதி அங்கே கிடையாது. தோற்ற பாடத்துக்கு மறுபடி கட்டணம் கட்டி, மறுபடி முழுப் பருவமும் உட்கார வேண்டும். அது முடியாமல் அடுத்த பாடத்தில் சேர முடியாது. சராசரி மதிப்பெண் இறங்கினால் உதவித்தொகைக்கும் ஆபத்து. இப்படி ஒரே ஒரு பாடம் ஒரு மாணவியின் பட்டத்தை ஓராண்டு தள்ளிப்போடும். வீட்டுக்காகச் சம்பாதிக்க வேண்டிய பெண்ணாக இருந்தால் பட்டத்தையே பறித்துவிடும்.

பல துறைகளில் இந்தப் பாடங்களுக்குக் ‘களையெடுக்கும் பாடங்கள்’ என்றே பெயர். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு உங்களில் ஒருவர் இருக்க மாட்டார் என்று முதல் நாளே சொல்லித் தொடங்குவதைப் பெருமையாக எண்ணிய தலைமுறை ஒன்று உண்டு. பயிரைக் களை என்று பிடுங்கும் விவசாயியை ஊர் என்ன சொல்லும்?

இந்தக் களையெடுப்புப் பாடங்களின் வாசலுக்குக்கூட வர முடியாமல் போனவர்கள் இன்னும் அதிகம். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளைப் பாருங்கள். இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், யார் வேண்டுமானாலும் சேரலாம். அந்த மாநிலத்தில் லத்தீனோ என்றும் அழைக்கப்படும் ஹிஸ்பானிக் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உயர்கல்வி என்றால் இந்தக் கதவுதான். முன்பெல்லாம் உள்ளே நுழைந்ததும் ஒரு தகுதித் தேர்வு. அதில் குறைந்தால் ‘ஆயத்தப் பாடம்’. பள்ளியில் படித்த பின்னம், தசமம், தொடக்க அல்ஜீப்ரா எல்லாம் மறுபடி. கட்டணம் உண்டு, பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. பல ஆண்டுகளாக அந்தக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் கணக்கிலோ ஆங்கிலத்திலோ இப்படி ஒரு பாடத்தையாவது படிக்க வேண்டியிருந்தது. லத்தீனோ மாணவர்களிடம் அந்த விகிதம் இன்னும் கூடுதல்.

சிலருக்கு ஒன்றல்ல, மூன்று படி கீழே இடம் கிடைத்தது. இதன் கொடுமையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் பேர் தேறுகிறார்கள், தேறியவர்களில் 80 சதவீதம் பேர் அடுத்த பாடத்தில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே மோசமான எண்கள் அல்ல. 100 பேர் தொடங்கினால் முதல் பாடத்தில் 70 பேர் தேறுவார்கள். 56 பேர் அடுத்ததில் சேர்வார்கள். 39 பேர் தேறுவார்கள். 31 பேர் சேர்வார்கள். 22 பேர் தேறுவார்கள். 18 பேர் கல்லூரிக் கணக்கில் சேர்வார்கள். முடிவில் தேறுபவர்கள் 12 பேர். எந்த ஆசிரியரும் தவறு செய்யவில்லை. எல்லா வகுப்பிலும் பெரும்பான்மையினர் தேறியிருக்கிறார்கள். ஆனாலும் 88 பேரைக் காணோம். மாணவரைக் கைதூக்கிவிட என்று கட்டிய படிக்கட்டே அவரை விழவைக்கும் இடமாகிவிட்டது.

கலிஃபோர்னியாவில் இந்தக் கணக்கை உரக்கப் போட்டுக் காட்டியவர்கள் இரண்டு ஆசிரியைகள். சாபோட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கேட்டி ஹெர்ன், லாஸ் மெடனோஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்த மைரா ஸ்னெல். படிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலே இழப்பு குறையும் என்று அவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சக ஆசிரியர்களிடம் வாதாடினார்கள். 2017இல் மாநிலச் சட்டமன்றம் ஏ.பி. 705 என்ற சட்டத்தை இயற்றியது. ஓராண்டுக்குள் கல்லூரித் தரக் கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்கும் வாய்ப்பு மாணவருக்கு எங்கே அதிகமோ அங்கேதான் அவரைச் சேர்க்க வேண்டும். ஒரு நாள் தேர்வை வைத்துத் தீர்மானிக்காமல் பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதே ஆண்டு, அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் தன் தகுதித் தேர்வுகளைக் கைவிட்டு, மறு ஆண்டிலிருந்து ஆயத்தப் பாடங்களை நிறுத்தியது. ஆதரவு தேவைப்படும் மாணவர்கள் கல்லூரிப் பாடத்தையே எடுப்பார்கள். அதோடு இணைந்தே கூடுதல் மணிநேர வகுப்பும் நடக்கும். அந்தப் பல்கலைக்கழகத்தில் நான்கே ஆண்டில் பட்டம் முடிப்பவர்கள் 2015 வாக்கில் 19 சதவீதம். பாடச் சீரமைப்பு, ஆலோசகர்கள் நியமனம், வகுப்புகளைக் கூட்டியது என எல்லாம் சேர்ந்து அதை 35 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோயின. 40 என்ற இலக்கை எட்டவில்லைதான். அங்கே படிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் லத்தீனோக்கள் என்பதை நினைத்தால் இந்த உயர்வின் அருமை தெரியும்.

மாணவரைத் தகுதிக்கு மீறிய பாடத்தில் தள்ளுகிறார்கள் என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. நியாயமான அச்சம்தான். அதற்கு விடை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 2013இல் அங்கே மூன்று சமுதாயக் கல்லூரிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். அவற்றில் ஒன்று, சவுத் பிராங்க்ஸில் புவெர்த்தோ ரிக்கோ மக்களின் கோரிக்கையால் 1968இல் உருவான ஹோஸ்தோஸ் கல்லூரி. தொடக்க அல்ஜீப்ராவுக்கே போக வேண்டும் என்று தேர்வு தீர்ப்பளித்த 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அல்ஜீப்ரா. இன்னொன்றுக்கு அல்ஜீப்ராவும் வாராந்தரப் பயிற்சி வகுப்பும். மூன்றாவது பிரிவை நேராகக் கல்லூரித் தரப் புள்ளியியலில் உட்காரவைத்து, அவர்களுக்கும் வாராந்தரப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றையும் அதே ஆசிரியர்கள்தாம் நடத்தினார்கள். அல்ஜீப்ராவில் தேறியவர்கள் 39 சதவீதம். பயிற்சியோடு படித்தவர்கள் 45. கடினமானது என்று அஞ்சப்பட்ட புள்ளியியலில் 56 சதவீதம். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது பட்டம் வாங்கியவர்களும் புள்ளியியல் பிரிவில்தான் அதிகம்: வழக்கமான அல்ஜீப்ரா பிரிவில் 17 சதவீதம், இங்கே 25.

செவிலியர் படிப்புக்கோ சமூகப் பணிக்கோ போகும் பெண்ணுக்கு இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்துவதைவிட ஓர் அட்டவணையைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிவது முக்கியம். தனக்குப் பயன்படும் கணக்கு என்று தெரிந்தால் உழைப்பும் வருகிறது. இது சலுகை என்று யாராவது சொன்னால், புள்ளியியலை ஒழுங்காகப் படித்தவர்களிடம் அது சுலபமா என்று கேட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் எந்தப் பாடத்தில் உட்காரவைப்பது என்பது பாதிப் பிரச்சினைதான். உட்கார்ந்தபின் அங்கே என்ன நடக்கிறது என்பது மீதி. இதில் முதல் வெளிச்சம் போட்டவர் யூரி ட்ரைஸ்மேன். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கறுப்பின மாணவர்கள் ஏன் கால்குலஸில் தோற்கிறார்கள் என்று தேடினார். ஊக்கக் குறைவு, பள்ளி அடித்தளம், குடும்பச் சூழல் என்றே ஆசிரியர்கள் ஊகித்தார்கள். ட்ரைஸ்மேன் ஊகத்தோடு நிற்கவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பல மாதம் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் சொன்ன வேலையைச் சொன்னபடி, தனியாக அறையில் உட்கார்ந்து செய்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாக முயன்றபின் கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள்; ஒருவர் தவறை மற்றவர் திருத்தினார்கள்; எல்லோருக்கும் வராத கணக்கு எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாகப் படிப்பவருக்கோ, வராத கணக்கு தன் மூளையின் குற்றம் என்றே தோன்றும்.

ட்ரைஸ்மேன் ஆயத்தப் பாடம் வைக்கவில்லை. வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்தார். தோல்வி மளமளவென்று குறைந்தது. பின்னர் அவர் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது இருக்கும் ஆஸ்டினிலும் கலிஃபோர்னியாவின் பொமோனாவிலும் இதே முறை லத்தீனோ மாணவர்களுக்குக் கைகொடுத்தது.

ஒரு குறை இருந்தது. அந்தக் குழு வகுப்பு பாடத்துக்கு வெளியே, கூடுதல் நேரமாக இருந்தது. எஸ்கலாந்தேயின் கோடை வகுப்பைப் போல. மாலையில் கடைக்கு வேலைக்குப் போகிறவர், தம்பி தங்கைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியவர், டெக்ஸாஸின் எல் பாசோவுக்குத் தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து மெக்ஸிகோவின் ஹுவாரெஸ் நகரிலிருந்து வருகிறவர் எப்படிக் கூடுதல் நேரம் உட்காருவார்? விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரை மனதில் வைத்துப் போட்ட ஏற்பாடுகள் வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவரிடம் தோற்றுப்போகின்றன. கூடிப் படிப்பது நல்லது என்றால் அது வகுப்பு நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். விரிவுரையைக் குறைத்துத்தான் அதற்கு இடம் தேட வேண்டும். பேராசிரியர்களுக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். தன் குரலைக் குறைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

மயாமியில் உள்ள ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகம் அதைச் செய்து பார்த்தது. மாணவர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேல் ஹிஸ்பானிக். கால்குலஸ் முதல் பாடத்தில் 811 மாணவர்களைக் குலுக்கல் முறையில் 32 வகுப்புகளாகப் பிரித்தார்கள். சரிபாதி வகுப்புகள் பழைய விரிவுரை முறை. மற்றவற்றில் ஆசிரியர் பேசும் நேரம் குறைவு. மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, ஒரு சிக்கலை எடுத்து, படம் வரைந்து, ஊகித்து, ஒருவருக்கொருவர் விளக்கி விடை தேடுகிறார்கள். இதே பாடத்தை முன்பே முடித்த மூத்த மாணவர்கள் மேசைக்கு மேசை போய், விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்டு நகர்த்துகிறார்கள். மூன்று பருவம் நடந்த சோதனை. புதிய வகுப்புகளில் தேர்ச்சி 11 சதவீதப் புள்ளிகள் கூடியது. பாடத்தைப் புரிந்துகொண்ட அளவும் கூடியிருந்தது. ஒரே இனத்தாருக்கு, ஒரே துறையினருக்கு என்றில்லாமல் பலன் எல்லாப் பக்கமும் தெரிந்தது. 2023இல் ‘சயின்ஸ்’ இதழ் இதை வெளியிட்டது. மொத்தம் 19 ஆசிரியர்கள் கற்பித்த சோதனை இது. எந்த ஒரு தனி மனிதரின் மந்திரமும் இதில் இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி.

தரம் இறங்குகிறது என்ற குற்றச்சாட்டை இதன்பிறகும் சொல்வது கடினம். 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஒரு பெரிய பகுப்பாய்வில், வெறும் விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் ஏறத்தாழ 34 சதவீதம். மாணவர் பங்கெடுக்கும் வகுப்புகளில் 22 சதவீதம். 2020இல் வந்த இன்னொரு தொகுப்பு, பின்தங்கிய பிரிவினருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்ச்சி இடைவெளி இந்த வகுப்புகளில் 45 சதவீதம் சுருங்குவதைக் காட்டியது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை மாணவர் கையில் கொடுத்த இடங்களில்தான் அந்தப் பலன். வாரத்துக்கு ஒருநாள் பெயருக்குக் குழு விவாதம் வைப்பதால் எதுவும் நடப்பதில்லை.

பாடத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நியூயார்க்கில் 2007இல் தொடங்கிய ‘ஏசாப்’ திட்டம் பாடத்தைவிட மாணவரின் அன்றாடத்தைத் தாங்கிப் பிடித்தது. ரயில் பயண அட்டை, பாடநூல் செலவு, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர். மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் 22இலிருந்து 40 சதவீதமானார்கள். பசியோடு இருப்பவருக்குக் குழு விவாதம் சோறு போடாது. சட்டம் போட்டு அவசரமாக அமலாக்குவதிலும் சிக்கல் உண்டு. கலிஃபோர்னியாவில் 2022இல் வந்த அடுத்த சட்டத்தைப் பின்பற்றி, பொறியியல், அறிவியல் மாணவர்களை நேராகக் கால்குலஸுக்கு அனுப்பும் போக்கைப் பல கணித ஆசிரியர்கள் எதிர்க்கிறார்கள். திரிகோணமிதியே பார்க்காத பிள்ளையை இணைவகுப்பு ஒன்றை மட்டும் நம்பி அங்கே அனுப்புவது சரியா என்ற அவர்கள் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. புள்ளியியலில் வென்ற சோதனை கால்குலஸுக்கு அப்படியே பொருந்திவிடாது. கல்லூரி கல்லூரியாகச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, முதலாண்டுப் பாடங்களை நடத்துபவர் யார் என்பது. பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர்கள். பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இருபது மைல் தள்ளி இன்னொரு கல்லூரி. உட்கார்ந்து பேச ஓர் அறைகூட இருக்காது. இவர்களிடம் உங்கள் பாடத்தை முழுக்கப் புதிதாக வடிவமையுங்கள் என்றால் எந்த நேரத்தில், யார் சம்பளத்தில் செய்வார்கள்? புதிய வகுப்புக்குப் பயிற்சி வேண்டும், சேர்ந்து திட்டமிட வாராந்தர நேரம் வேண்டும், மூத்த மாணவர்களுக்கு ஊதியம் வேண்டும். எல்லாம் காசு.

அந்தக் காசின் ஒரு பகுதி மத்திய அரசிடமிருந்து வந்தது. மாணவர்களில் 25 சதவீதமாவது ஹிஸ்பானிக்காக உள்ள கல்லூரிகளை 1992இல் சட்டம் தனிப்பிரிவாக ஏற்றது. பின்னர் அவற்றுக்கென மானியமும் வந்தது. இன்று அப்படிப்பட்டவை ஏறத்தாழ 600. அமெரிக்காவின் ஹிஸ்பானிக் இளங்கலை மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இவற்றில்தான் படிக்கிறார்கள். எண்ணிக்கையால் பட்டியலில் இடம்பிடித்தவையா, உண்மையில் அந்த மாணவர்களுக்காகத் தங்களை மாற்றிக்கொண்டவையா என்று கல்வி ஆய்வாளர் ஜீனா கார்சியா நெடுநாளாகக் கேட்டுவருகிறார். நல்ல கேள்வி. மானியத்தை வாங்கிக்கொண்டு கால்குலஸை அப்படியே விட்டுவைத்த கல்லூரிகளும் உண்டு.

2025 செப்டம்பரில் மத்திய கல்வித் துறை, இந்த வகைக் கல்லூரிகளுக்கும் சிறுபான்மையினர் அதிகமுள்ள வேறு கல்லூரிகளுக்கும் விருப்புரிமையின்கீழ் தந்துவந்த ஏறத்தாழ 35 கோடி டாலர் மானியத்தை நிறுத்தியது. இன விகிதத்தை வைத்துப் பணம் தருவது அரசமைப்புக்கு விரோதம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் அந்த மானியத்தில் மாறிய வகுப்பறையில் உட்கார்ந்தவர் எல்லோரும் ஹிஸ்பானிக் மாணவர்கள் இல்லை. சட்ட வரையறைப்படி அந்தக் கல்லூரிகளில் முக்கால்வாசிப் பேர்கூட மற்றவர்களாக இருக்கலாம். ஒரு வகுப்பில் மேசைக்கு மேசை போகும் மூத்த மாணவி, எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. மானியம் நின்றதும் கல்லூரிகள் முதலில் வெட்டுவது அவளுடைய மணிநேர ஊதியத்தைத்தான். அவள் வராத வகுப்பில் நாற்பது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் மட்டும் நிற்பார். ஓரிரு வாரத்தில் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி விரிவுரையைத் தொடங்கிவிடுவார். அவரைக் குறைசொல்ல என்னால் முடியாது.